பெரிய சாமி கார்புரேட்டர் கழுவின கதை

"இது ஏன் கிளம்ப மறுக்கிறது?" என்று பெரிய சாமி கேட்டார்.

"கழட்டுனாதான் தெரியும்" என்றேன்.

"கழற்றினால் தெரிந்துவிடுமா?"

"தெரியலைன்னா மறுபடி மாட்ட வேண்டியதுதான்."

சாமி கண்ணை மூடிக்கொண்டார். "எவ்வளவு பெரிய உண்மை" என்றார்.

இந்த வேலை சீக்கிரம் முடியாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் மேட்டு மடத்தின் தலைவர். வெள்ளைத் தாடி, காவி வேட்டி, வெறுங்கால். மடத்திலிருந்து எங்கள் கடை வரைக்கும் வெயிலில் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

கடை என் அக்காவுடையது. அக்கா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையில் இருந்தேன். படிப்பு பிடிக்கவில்லை. அதற்குமேல் காரணம் ஒன்றும் கிடையாது.

வண்டி ஒரு பழைய ஸ்கூட்டர். இத்தாலிக்காரன் செய்தது. மடத்தை ஆரம்பித்தவர் ஓட்டியது. அவரை ஊரில் ஸ்கூட்டர் சாமி என்பார்கள். வண்டி முழுக்க விபூதி, சந்தனம், குங்குமம், ஹேண்டிலில் காய்ந்த மாலை. அதற்கு என்ன கலர் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நான் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தேன்.

"தொடாதே" என்றார்.

"தொடாம எப்படி சாமி?"

"மடத்துத் தலைவர் தவிர யாரும் இதைத் தொடக் கூடாது. குருவின் கட்டளை."

"அப்ப என்கிட்ட எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"நீ சொல். நான் செய்கிறேன்."

"இதுக்கு முன்னாடி ஸ்க்ரூ கழட்டியிருக்கீங்களா?"

"இல்லை."

"ஒண்ணுகூட?"

அவர் யோசித்தார். "ஒரு முறை டார்ச் லைட்டில் பேட்டரி மாற்றினேன். அதற்கு ஸ்க்ரூ கிடையாது."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கிளம்பலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

ஸ்கூட்டர் சாமி போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாராம். குருபூஜை அன்று ஊர் முன்னால் தலைவர் வண்டியை உதைக்க வேண்டும். மூன்று உதை. கிளம்பினால் இன்னும் ஒரு வருஷம் அவர்தான் தலைவர். கிளம்பவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும். அடுத்த ஆள் உதைப்பார். யார் உதைக்குக் கிளம்புகிறதோ அவருக்கு இடம்.

"குருபூஜை எப்ப?"

"வருகிற பௌர்ணமி."

"இறங்கிட்டா எங்க போவீங்க?"

சாமி தன் பாதத்தைப் பார்த்தார்.

"எனக்கு வேறு ஒன்றும் தெரியாதம்மா" என்றார். "உட்காரத் தெரியும். பேசத் தெரியும்."

அதில் பாதி எனக்கும் தெரியும். ஆனால் சொல்லவில்லை. பாவமாக இருந்தது.

"சரி, உட்காருங்க. பேசாதீங்க" என்றேன்.

*

முதல் நாள் முழுக்க ஒரே ஸ்க்ரூவில் போயிற்று.

நான் என் பக்கத்தில் ஒரு மொபெட்டின் கார்புரேட்டரை வைத்துக்கொண்டேன். நான் அதைக் கழற்றுவேன். அவர் பார்த்துப் பார்த்துத் தன்னுடையதைக் கழற்ற வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு.

"இதுதான் கார்புரேட்டர். இதுல பெட்ரோலும் காத்தும் கலக்கும்."

"ஆகா. பெட்ரோல் என்பது ஆசை. காற்று என்பது..."

"காத்துன்னா காத்து சாமி. இடது பக்கம் திருப்புங்க."

"இடது என்பது..."

நான் என் இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் வலது பக்கம் திருப்பினார். ஸ்க்ரூ இன்னும் இறுகியது.

"மௌனமாகக் கையைக் காட்டினாய் அல்லவா" என்றார். "அதன் பொருளை யோசித்துக்கொண்டிருந்தேன்."

*

மறுநாள் கார்புரேட்டர் வெளியே வந்தது. கீழே இருக்கிற பெட்ரோல் கிண்ணத்தைக் கழற்றச் சொன்னேன்.

கழற்றினார். இரண்டு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தோம்.

கிண்ணத்தில் கெட்டியாக, வெள்ளையாக, ஓரம் மஞ்சளாக ஏதோ இருந்தது. பழைய கார்புரேட்டரில் துரு இருக்கும். மண் இருக்கும். அக்கா ஒரு தடவை எலிக்குஞ்சு எடுத்திருக்கிறாள். இது எனக்குப் புதுசு.

"இது என்ன சாமி?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

என் வாயில் அந்த வார்த்தை வந்ததில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். "எவ்வளவு பெரிய..." என்று ஆரம்பித்தார்.

"மோந்து பாருங்க" என்றேன்.

மோந்து பார்த்தார். முகம் மாறியது. கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். நானும் மோந்து பார்த்தேன்.

தயிர்.

பெட்ரோல் வாசனையோடு புளித்த தயிர். அது எப்படி இருக்கும் என்று சொன்னால் புரியாது. மோந்தால்தான் புரியும். மோக்க வேண்டாம்.

"சாமி, இந்த வண்டிக்கு யாராச்சும் பால் ஊத்துனாங்களா?"

"வெள்ளிக்கிழமை அபிஷேகம் உண்டு."

"வண்டிக்கா?"

"குருவின் வண்டி அல்லவா. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை, குருபூஜை முடிந்த பிறகு. எனக்கு அடுத்து இருக்கும் இளைய சாமி வந்த பிறகு வாரா வாரம். ஜனங்கள் குடம் குடமாகக் கொண்டுவருகிறார்கள்."

"பால் மட்டுமா?"

"பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம்."

"எங்க ஊத்துவீங்க?"

"சீட்டுக்கு மேல்."

சீட்டுக்குக் கீழேதான் வண்டி மூச்சு விடுகிற ஓட்டை. காற்றுக் குழாயைத் தட்டச் சொன்னேன். தட்டினார். அவர் உள்ளங்கையில் ஒரு திராட்சை விழுந்தது.

"யாரும் தொடக் கூடாதுன்னீங்க?"

"யாரும் தொடவில்லை."

"பால் தொடலாமா?"

சாமி அந்தத் திராட்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைக் குரு சொல்லவில்லை" என்றார்.

*

இளைய சாமி ஒரு நாள் காரில் வந்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். சேரைக் கர்சீப்பால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பெரிய சாமி உள்ளே கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கிளம்பிடுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார் இளைய சாமி.

"கிளம்பணும்னு வேண்டிக்கிறீங்களா, கூடாதுன்னு வேண்டிக்கிறீங்களா?"

அவர் சிரித்தார். "பெரியவருக்கு வயசாயிடுச்சு. ஓய்வு வேணும் இல்லையா."

"நீங்க உதைக்கப் போறீங்களா?"

"குரு சித்தம்."

அதற்குள் பெரிய சாமி வெளியே வந்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு. காவியில் கை துடைத்து, துடைத்து, அதுவும் பாதி கறுப்பு. இளைய சாமி எழுந்து கால் தொடக் குனிந்தவர், அருகில் போனதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிமிர்ந்துவிட்டார்.

"தயிர்" என்றார் பெரிய சாமி.

இளைய சாமி அதற்கு ஏதோ அர்த்தம் இருக்கும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

*

கடைசியில் ஜெட் மிச்சம் இருந்தது.

ஜெட் என்பது பித்தளையில் சின்னத் திருகாணி மாதிரி. நடுவில் ஓட்டை. பெட்ரோல் அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். ஓட்டையைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். அதில் தேன் காய்ந்து அடைத்திருந்தது.

பெட்ரோலில் ஊறப் போட்டார். ஊதினார். சங்கு ஊதுகிறவர் என்பதால் நன்றாகவே ஊதினார். போகவில்லை.

எங்கிருந்தோ ஒரு ஊக்கை எடுத்தார். நான் வேஸ்ட் துணியை அவர் மேல் எறிந்தேன்.

"ஊக்கு விடாதீங்க. ஓட்டை பெருசாயிரும். பெருசானா அப்புறம் பெட்ரோலைக் குடிக்கும், ஓடாது."

"வேறு எதை விடுவது?"

"மெல்லிசா, வளையணும், ஆனா உடையக் கூடாது. அக்கா ஒரு கம்பி வச்சிருக்கும். எங்க வச்சுச்சுன்னு தெரியலை."

நான் டப்பா டப்பாவாகத் திறந்து தேடினேன். கிடைக்கவில்லை. எரிச்சலாக வந்தது. திரும்பிப் பார்த்தேன்.

சாமி தாடியைக் கையில் பிடித்து, ஒவ்வொரு முடியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்துப் பக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிடுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

நல்ல முடி. துடைப்பக் குச்சி மாதிரி விறைப்பு.

முடியை ஓட்டையில் விட்டார். இழுத்தார். விட்டார். முறிந்தது. இன்னொன்று பிடுங்கினார்.

"சாமி, கம்பி நாளைக்கு அக்காகிட்ட கேட்டு வாங்கிக்கலாம்."

"இரு" என்றார்.

நாலாவது முடியில் தேன் வந்தது.

ஜெட்டை மறுபடி கழுவி, ஊதி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"வெளிச்சம்."

"வட்டமா இருக்கா?"

"வட்டமாக இருக்கிறது."

"அப்ப மாட்டுங்க."

அவர் மாட்டவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. குடித்தேன். அவருக்கு வந்த பால் இல்லாத டீ ஆறிப்போயிற்று. அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் என்பது..." என்று அவர் ஆரம்பிக்கவில்லை. வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

*

எல்லாம் மாட்டி உதைத்தார். கிளம்பவில்லை.

உதைத்தார். உதைத்தார்.

"ஏன்?" என்றார்.

நான் ஸ்பேனரால் தரையில் மூன்று தடவை தட்டினேன்.

"இதன் பொருள்?"

"டேப்பு. பெட்ரோல் டேப்பைத் திறக்கலை. ஊர்ல எல்லாரும் பண்ற தப்பு. எல்லாத்தையும் கழுவி மாட்டிட்டு டேப்பைத் திறக்காம உதைச்சுக்கிட்டே இருப்பாங்க."

சீட்டுக்குக் கீழே, உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால், கட்டை விரல் அளவுக்கு ஒரு பிடி. அதைத் திருப்பினார்.

"பத்து எண்ணுங்க. கிண்ணம் ரொம்பட்டும்."

எண்ணினார். உதைத்தார்.

வண்டி இருமியது. வெள்ளைப் புகை விட்டது. கடை முழுக்கப் பஞ்சாமிர்தம் கருகின வாசனை. அப்புறம் டுபு டுபு டுபு என்று ஓட ஆரம்பித்தது.

சாமி சிரித்தார். பெரிய சாமி சிரித்து நான் பார்த்ததில்லை. மடத்துக் காலண்டரில்கூடச் சிரிக்காமல்தான் இருப்பார். முன் பல் ஒன்று இல்லை.

அதற்குப் பிறகு அவர் டேப்பை ஒரு தடவைகூட மறக்கவில்லை. எப்போதாவது கை தாமதித்தால் நான் மூன்று தட்டு தட்டுவேன். அதற்குள் திறந்திருப்பார்.

*

வேலை முடிந்தது. ஆனால் மறுநாளும் வந்தார்.

"எதுக்கு வந்தீங்க?"

"இன்னொரு முறை கழுவலாமே."

"அது சுத்தமா இருக்கு சாமி."

"பரவாயில்லை. அந்த மொபெட்டை யார் கழுவுவார்கள்?"

"நான்தான்."

"நீ டீ குடி."

மொபெட் முடிந்தது. அப்புறம் பால்காரர் வண்டி. அப்புறம் ஒரு புல்லட். எனக்கு வேலை குறைந்தது, அது சரி. ஆனால் வண்டி விட வருகிறவர்கள் எல்லாம் வாசலிலேயே விழுந்து கும்பிட்டார்கள். ஒரு ஆள் கும்பிட்டு, விபூதி கேட்டு, விபூதி இல்லாததால் நெற்றியில் கொஞ்சம் கிரீஸ் வாங்கிப் பூசிக்கொண்டு, வண்டிக்கு என்ன பிரச்சினை என்று சொல்லாமலே போய்விட்டார்.

"உங்களால யாவாரம் கெடுது" என்றேன்.

"மன்னிச்சுக்கங்க குருவே."

"குருன்னு கூப்பிடாதீங்க. நான் பதினொண்ணாவது ஃபெயில்."

"பாதியில விட்டேன்னு சொன்னியே?"

"விடலைன்னா ஃபெயிலாயிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். "நான் இறங்கலைன்னா என்ன ஆவேன்னு தெரியலை" என்றார்.

எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. வேலை இருந்தது.

குருபூஜைக்கு முந்தின நாள் வண்டியைக் கொண்டுபோக வந்தபோது அவருக்கு எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

"மடத்துக்குப் போனதும் டேப்பை மூடிட்டு, வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. கிண்ணம் காலியாயிரும், ஒழுகாது. நாளைக்குக் காலையில திறங்க. பத்து எண்ணுங்க. உதைங்க."

"மூடணும். ஓட விடணும். திறக்கணும். எண்ணணும். உதைக்கணும்."

"சரியா வரும். ஒரே உதை."

"ஆமா" என்றார். "ஒரே உதைதான்."

அவருக்கு அதில் சந்தோஷமே இல்லை.

*

குருபூஜைக்கு ஊரே வந்திருந்தது. இளைய சாமி கையில் மைக். வண்டிக்குப் புது மாலை. ஓரத்தில் பால் குடங்கள் வரிசையாக இருந்தன, உதைத்து முடிந்ததும் ஊற்ற.

நான் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தேன். வண்டி கிளம்பினால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

பெரிய சாமி வந்தார். புதுக் காவி. வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

கை ஹேண்டிலுக்குப் போயிற்று. டேப்புக்குப் போகவில்லை.

பயத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கத்தலாம் என்றால் மேளம். கையில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த டம்ளர் இருந்தது. அதால் முன்னால் இருந்த இரும்புக் கம்பியில் தட்டினேன். மூன்று தட்டு.

சாமி திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். முன் பல் இல்லாமல் சிரித்தார்.

உதைத்தார்.

கிளம்பவில்லை.

நான் மறுபடி தட்டினேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள்.

இரண்டாவது உதை. மேளம் நின்றுவிட்டது.

மூன்றாவது உதை. நல்ல உதை. நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, முழு எடையும் கொடுத்து, நேர்த்தியாக உதைத்தார்.

ஒன்றும் இல்லை.

யாரோ ஒரு கிழவர் அழ ஆரம்பித்தார். பெரிய சாமி இறங்கினார். வண்டிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். வயசான ஆள், எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டும் இல்லையா. சீட்டுக்குக் கீழே கையை வைத்து, பிடித்து, எழுந்தார்.

அந்தக் கை எதைத் திருப்பியது என்று அத்தனை கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இளைய சாமி மைக்கில் பேசினார். தனக்கு இதற்குத் தகுதி இல்லை என்றார். குருவின் சித்தம் என்றார். ஸ்கூட்டர் சாமியின் பிறப்பிலிருந்து ஆரம்பித்தார். பத்து எண்ணுகிற நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. கிண்ணம் ரொம்பி, இனி ஒழுகுமோ என்று எனக்குக் கவலை வந்த நேரத்தில் ஏறி உதைத்தார்.

ஒரே உதை. டுபு டுபு டுபு.

கூட்டம் ஓவென்றது. பால் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பெரிய சாமி கூட்டத்துக்குப் பின்னால் நின்று, தலையைச் சாய்த்து, என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

காலையில் கடை திறக்கப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். காவி இல்லை. லுங்கி, பழைய சட்டை. பக்கத்தில் மஞ்சள் பை.

எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"டேப்பை வேணும்னேதான திறக்கலை?"

"ஆமா."

"நான் அத்தனை தட்டு தட்டுனேன்."

"நல்லாக் கேட்டுச்சு."

"ஒரே உதையில கிளம்பியிருக்கும் சாமி."

"அதான் பயந்துட்டேன்" என்றார்.

நான் ஷட்டரைத் தூக்கினேன். அவரும் ஒரு கை கொடுத்தார்.

"இனிமே சாமின்னு கூப்பிட முடியாது. உங்க பேர் என்ன?"

அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

"ஏகாம்பரம்."

"ஏகாம்பரம் ஐயா, அந்தப் பச்சை மொபெட்டைக் கழட்டுங்க. மத்தியானம் வந்து கேப்பாங்க."

உட்கார்ந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இடது பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் ஜெட் வெளியே வந்தது.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"பால் ஊத்தக் கூடாதுன்னு இளைய சாமிகிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

"இல்லையே."

"சொல்லலையா? இப்ப அவர்தான தலைவர். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஊத்துவாங்க. அடுத்த குருபூஜைக்குள்ள மறுபடி தயிராயிரும். அவருக்கு ஸ்க்ரூ கழட்டத் தெரியாது. வேற யாரும் தொடவும் கூடாது. வண்டியத் தள்ளிக்கிட்டு நேரா இங்கதான் வருவாரு."

ஏகாம்பரம் ஜெட்டை வெயிலுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"வரட்டும்" என்றார்.